"மற்றக் கொள்கைகளுக்காகத்தான் ஓட்டுப் போட்டோம்": இன ஒதுக்கலும் அமெரிக்கத் தென் மாநில வாக்காளர்களும் – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

இந்தக் கேள்வி எங்கிருந்து வந்தது?

2002 டிசம்பர் 5 அன்று வாஷிங்டனில் ஒரு பிறந்தநாள் விழா. தென் கரோலினா செனட்டர் ஸ்ட்ராம் தர்மண்டுக்கு அன்று நூறு வயது. வாழ்த்திப் பேசியவர்களில் ஒருவர் மிசிசிப்பி செனட்டர் ட்ரென்ட் லாட்; செனட்டில் குடியரசுக் கட்சியின் தலைவர். தர்மண்ட் ஜனாதிபதித் தேர்தலில் நின்றபோது எங்கள் மாநிலம் அவருக்கே வாக்களித்தது, அதில் எங்களுக்குப் பெருமை என்றார். நாடு முழுவதும் எங்கள் வழியில் வந்திருந்தால் இத்தனை ஆண்டுகளாக இந்தப் பிரச்சினைகள் எல்லாம் நமக்கு வந்திருக்காது என்றும் சேர்த்துக்கொண்டார்.

தர்மண்ட் அப்படி நின்றது 1948இல், இன ஒதுக்கலைக் காப்பாற்றுவதற்கென்றே. "எந்தப் பிரச்சினைகள்?" என்ற கேள்வி எழாமல் இருக்குமா? லாட் மன்னிப்புக் கேட்டார். கூடவே ஒரு விளக்கமும் தந்தார்: வலுவான தேசப் பாதுகாப்பு, துண்டு விழாத வரவு செலவுத் திட்டம், பொருளாதார வளர்ச்சி என்று தர்மண்ட் வலியுறுத்திய விஷயங்களைத்தான் தாம் மனதில் வைத்திருந்தாராம். விளக்கம் எடுபடவில்லை. டிசம்பர் 20 அன்று தலைவர் பதவியிலிருந்து விலகினார். ஆனால் செனட்டராக நீடித்தார். 2006இல் மிசிசிப்பி மக்கள் அவரை மறுபடியும் தேர்ந்தெடுத்தார்கள்.

ஓர் அரசியல்வாதியின் இன ஒதுக்கல் ஆதரவை ஒருபுறம் வைத்துவிட்டு, மற்றக் கொள்கைகளுக்காக மட்டும் அவருக்கு ஓட்டுப் போட முடியுமா? லாட் முடியும் என்று எடுத்துக்கொண்டார். அதைத்தான் இங்கே பார்க்கிறோம்.

இன ஒதுக்கல் என்று எதைச் சொல்கிறீர்கள்?

அமெரிக்கத் தென் மாநிலங்களில் 19ஆம் நூற்றாண்டின் இறுதியிலிருந்து 1960களின் நடுப்பகுதிவரை சட்டமாகவே இருந்த ஏற்பாடு. கறுப்பினக் குழந்தைகளுக்குத் தனிப் பள்ளி, பஸ்ஸில் தனி இருக்கை, மருத்துவமனையில் தனி வார்டு, குடிநீருக்குத் தனிக் குழாய். "தனித்தனி, ஆனால் சமம்" என்று 1896இல் உச்ச நீதிமன்றம் இதற்கு முத்திரை குத்தியது. தனித்தனி என்பது நடந்தது. சமம் என்பது எங்கும் நடக்கவில்லை.

இதைக் காப்பாற்றிய பூட்டு, வாக்குரிமை மறுப்பு. ஓட்டுப் போடுவதற்குக் கட்ட வேண்டிய தலைவரி, எழுத்தறிவுத் தேர்வு, இவற்றுக்கும் அடங்காவிட்டால் அடி உதை. 1964இல்கூட மிசிசிப்பியில் வாக்களிக்கும் வயதுள்ள கறுப்பினத்தவரில் நூற்றுக்கு ஏழு பேருக்கும் குறைவானவர்களே வாக்காளர் பட்டியலில் இருந்தார்கள். கீழே "மிசிசிப்பி வாக்களித்தது" என்று வரும் இடங்களில் எல்லாம், 1960களின் நடுப்பகுதிவரை, "வெள்ளை மிசிசிப்பி வாக்களித்தது" என்றே படித்துக்கொள்ளுங்கள். அந்த விழாவில் லாட் சொன்ன "எங்கள் மாநிலம்" என்பதும் அதுதான்.

1948இல் தர்மண்ட் எதற்காகத்தான் நின்றார்?

அந்த ஆண்டு பிப்ரவரியில் ஜனாதிபதி ஹாரி ட்ரூமன் குடிமை உரிமைத் திட்டம் ஒன்றை நாடாளுமன்றத்தின் முன் வைத்தார். அடித்துக் கொல்லும் கும்பல்களுக்கு எதிராக ஒரு மத்தியச் சட்டம், தலைவரி ஒழிப்பு, வேலைவாய்ப்பில் பாகுபாடு தடுப்பு ஆகியவை அதில் இருந்தன. ஜூலையில் பிலடெல்பியாவில் கூடிய ஜனநாயகக் கட்சி மாநாடு, மினியாபொலிஸ் மேயர் ஹியூபர்ட் ஹம்ஃப்ரியின் பேச்சுக்குப் பின் குடிமை உரிமைத் தீர்மானத்தை நிறைவேற்றியது. மிசிசிப்பிப் பிரதிநிதிகள் எல்லோரும் அலபாமாவினரில் பாதிப் பேரும் எழுந்து வெளியேறினார்கள். மூன்றே நாளில் அலபாமாவின் பர்மிங்ஹாமில் ஒரு போட்டிக் கூட்டம். அங்கேதான் தென் கரோலினா ஆளுநர் தர்மண்ட் வேட்பாளர் ஆனார்.

பர்மிங்ஹாமில் உருவான அந்தப் புதிய கட்சியின் கொள்கை அறிக்கை மிகச் சிறியது. "இனங்களைப் பிரித்து வைப்பதை ஆதரிக்கிறோம்" என்று அதில் பச்சையாகவே எழுதியிருக்கிறது. மீதிப் பெரும்பகுதி, வாஷிங்டன் அதில் தலையிடக்கூடாது என்பதற்கான வாதம். தேசப் பாதுகாப்பு, பட்ஜெட் என்று லாட் அடுக்கியவை தர்மண்டின் பிற்கால செனட் வாழ்க்கைக்குப் பொருந்தலாம். 1948 தேர்தலுக்குப் பொருந்தாது. பர்மிங்ஹாமில் கூட்டம் கூட்டியது பட்ஜெட்டுக்காக இல்லை. மற்றக் கொள்கைகளைப் பிரித்து எடுக்க வேண்டுமானால் முதலில் அவை இருந்தாக வேண்டுமே.

நான்கு மாநிலங்களில் அவர் வென்றாரே. அங்கே எல்லோரும் இன ஒதுக்கலுக்காகவே ஓட்டுப் போட்டார்களா?

இதில் வாக்காளர்கள் பக்கம் கொஞ்சம் நியாயம் இருக்கிறது. அலபாமா, லூசியானா, மிசிசிப்பி, தென் கரோலினா ஆகிய அந்த நான்கிலும் ஜனநாயகக் கட்சியின் அதிகாரபூர்வ வேட்பாளராக வாக்குச் சீட்டில் இடம்பெற்றவர் ட்ரூமன் அல்ல, தர்மண்ட். அலபாமாவில் ட்ரூமன் பெயரே சீட்டில் இல்லை. மிசிசிப்பியில் தர்மண்ட் 87% வாங்கினார். பக்கத்திலேயே இருந்த ஜார்ஜியாவில் கட்சியின் பெயர் ட்ரூமனிடம் இருந்தது. அங்கே தர்மண்டுக்குக் கிடைத்தது சுமார் 20% மட்டும். ஆக, அப்பன் பாட்டன் காலத்திலிருந்து குத்திவந்த சின்னத்திலேயே குத்தியவர்கள் ஏராளம்.

சரி, அந்தச் சின்னத்தையும் ஒருமுறை பார்த்துவிடுவோம். அலபாமா ஜனநாயகக் கட்சியின் சின்னம் சேவல். சேவலுக்கு மேலே ஒரு பட்டையில் "வெள்ளையர் மேலாதிக்கம்" என்று அச்சிட்டிருக்கும். கீழே "நியாயத்தின் பக்கம்" என்று இருக்கும். 1966 வரை அந்த மேல்வரி சீட்டிலேயே இருந்தது. சாலைக்கும் மின்சாரத்துக்கும் பருத்தி விலைக்கும் ஓட்டுப் போட வந்த விவசாயியும் அந்தச் சேவலின் கீழேதான் பேனாவை வைத்தாக வேண்டும். மனதுக்குள் அவர் எதைப் பிரித்துப் பார்த்தாலும், சீட்டில் பிரிக்க இடம் இல்லை.

வாக்காளர் மனதில் எது முன்னால் நின்றது என்பதை எப்படிக் கண்டுபிடிப்பது?

ஒரு வழி இருக்கிறது. மற்றக் கொள்கைகள் தலைகீழாக மாறும்போதும் ஓட்டு எங்கே போகிறது என்று பார்ப்பது. அதற்கு மிசிசிப்பியைவிடத் தெளிவான இடம் கிடையாது.

1936இல் ஜனநாயகக் கட்சியின் ரூஸ்வெல்ட்டுக்கு அங்கே 97%. அரசு செலவழித்து ஏழைகளைத் தூக்கிவிட வேண்டும் என்ற கொள்கைக்கு நாட்டிலேயே மிக ஏழை மாநிலங்களில் ஒன்று அள்ளிக் கொடுத்த ஆதரவு. கூடவே தெற்கின் இன ஏற்பாட்டைத் தொடாத ஜனாதிபதி. 1948இல் தர்மண்டுக்கு 87%. 1964இல் குடியரசுக் கட்சி வேட்பாளர் பேரி கோல்ட்வாட்டருக்கு மறுபடியும் 87%. இந்தக் கோல்ட்வாட்டர் யார்? சமூகக் காப்பு ஓய்வூதியத்தைக் கட்டாயமாக இல்லாமல் விருப்பத்துக்கு விடலாம் என்றவர். மத்திய அரசின் மின்சார நிறுவனமான டென்னசிப் பள்ளத்தாக்கு ஆணையத்தைத் தனியாருக்கு விற்கலாம் என்றவர். அந்த ஆணையத்தின் மின்சாரத்தை வாங்க முதன்முதலில் ஒப்பந்தம் போட்ட நகரம் மிசிசிப்பியின் டூபெலோ! வயிற்றுக்கும் விளக்குக்கும் எதிரான வேட்பாளர் என்றே சொல்லலாம். ஆனால் அதே ஆண்டு, இன ஒதுக்கலைத் தடைசெய்த குடிமை உரிமைச் சட்டத்துக்கு எதிராக செனட்டில் வாக்களித்திருந்தார். நாடு முழுக்க 61% வாங்கி வென்ற லிண்டன் ஜான்சனுக்கு மிசிசிப்பி கொடுத்தது சுமார் 13%.

நான்கே ஆண்டில், 1968இல், இன ஒதுக்கலுக்குப் பேர்போன அலபாமாவின் முன்னாள் ஆளுநர் ஜார்ஜ் வாலஸ் மூன்றாம் கட்சியில் நின்றார். ஓய்வூதியத்தை உயர்த்த வேண்டும், தொழிலாளரைக் கவனிக்க வேண்டும் என்றவர். கோல்ட்வாட்டருக்கு நேர் எதிர்த் திசை. அவருக்கு மிசிசிப்பியில் 63%.

இடையில் 1952, 1956 தேர்தல்களில் ஜனநாயகக் கட்சி வேட்பாளர், இல்லினாயின் அட்லாய் ஸ்டீவன்சன் அங்கே வென்றார் என்பதையும் சொல்ல வேண்டும். பழைய கட்சிப் பற்று முழுவதும் செத்துவிடவில்லை. ஆனாலும் 1936இலிருந்து 1968க்குள் பொருளாதாரக் கொள்கை ஒரு கோடியிலிருந்து மறு கோடிக்குப் போய்த் திரும்பியிருக்கிறது. இன ஏற்பாட்டைத் தொடமாட்டேன் என்பது மட்டும் வென்றவர்களிடம் மாறவில்லை. வாக்காளர்களால் பிரித்துப் பார்க்க முடிந்தது, நன்றாகவே முடிந்தது. பிரித்துத் தள்ளிவைத்தது மற்றக் கொள்கைகளை.

கோல்ட்வாட்டர் இன வெறியர் இல்லையே?

இல்லை. அரிசோனாவில் விமானப்படைக் காவலர் பிரிவில் இனப் பிரிப்பை நீக்கியவர்களில் அவரும் ஒருவர். 1964 சட்டத்தை அரசியல் சட்டக் காரணங்களுக்காகவே எதிர்ப்பதாகச் சொன்னார்; அதை நம்ப மறுக்க எனக்குக் காரணம் தெரியவில்லை. ஆனால் அவர் வென்ற ஆறு மாநிலங்களில் ஐந்து ஆழ்தெற்கு மாநிலங்கள். ஆறாவது சொந்த மாநிலம். வேட்பாளர் எந்தக் காரணத்துக்காகச் சொன்னாரோ அந்தக் காரணத்துக்காகவே மக்கள் கேட்டுக்கொள்ள வேண்டும் என்ற கட்டாயம் இல்லை.

அவர்கள் பேசியது மாநில உரிமையைத்தானே?

அதே தென் மாநிலங்கள் 1850இல், ஓடிப்போன அடிமைகளைப் பிடித்துக் கொடுக்கும்படி வட மாநிலங்களைக் கட்டாயப்படுத்தும் மத்தியச் சட்டம் வேண்டும் என்று வாங்கினார்கள். அப்போது வட மாநிலங்களின் உரிமை யாருக்கும் நினைவுக்கு வரவில்லை.

இன ஒதுக்கலை ஆதரித்தவர்கள் நல்ல திட்டங்களும் கொண்டுவந்தார்களே?

கொண்டுவந்தார்கள், உண்மை. சிறந்த உதாரணம் அலபாமா செனட்டர் லிஸ்டர் ஹில். கிருமிநீக்க அறுவை சிகிச்சையின் முன்னோடி ஜோசப் லிஸ்டரின் பெயரை வைத்துக்கொண்ட, அறுவை மருத்துவர் ஒருவரின் மகன். 1946இல் ஒஹாயோவின் ஹெரால்ட் பர்ட்டனோடு சேர்ந்து இவர் பெயரில் வந்த மருத்துவமனைக் கட்டுமானச் சட்டம், கிராமப்புற அமெரிக்காவின் முகத்தையே மாற்றியது. ஏழை மாநிலத்துக்குக் கூடுதல் பங்கு என்ற கணக்கில் மத்திய அரசின் பணம் தெற்கே பாய்ந்தது. மருத்துவரைப் பார்க்க வண்டி கட்டிக்கொண்டு போன ஊர்களுக்குப் படுக்கை வசதியோடு மருத்துவமனை வந்தது. கறுப்பினத்தவருக்கும் முன்பில்லாத சிகிச்சை கிடைத்தது.

இப்போது அந்தச் சட்டத்தின் உள்ளே பாருங்கள். பணம் வாங்கும் மருத்துவமனை பாகுபாடு காட்டக்கூடாது என்று ஒரு விதி. அதன் கூடவே ஒரு விலக்கு: அந்தந்த இனத்துக்குச் சமதரத்தில் தனி வசதி இருந்தால் போதும். அதாவது மருத்துவமனையைக் கட்டிய அதே காகிதம்தான் வார்டைப் பிரிக்கவும் அனுமதி தந்தது. வட கரோலினாவின் கிரீன்ஸ்பரோவில் இந்தப் பணத்தைப் பெற்ற மருத்துவமனைகளின் கதவு கறுப்பின மருத்துவர்களுக்குத் திறக்கவில்லை. ஜார்ஜ் சிம்கின்ஸ் என்ற பல் மருத்துவர் தலைமையில் வழக்குப் போட்டார்கள். 1963இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் அந்த விலக்கு அரசியல் சட்டத்துக்கு எதிரானது என்றது. அடுத்த ஆண்டு உச்ச நீதிமன்றம் அதில் தலையிட மறுத்தது.

"ஹில்லின் இனக் கொள்கையை விடுங்கள், மருத்துவமனைக் கொள்கையைப் பாருங்கள்" என்று சொல்பவரிடம் நான் இதைத்தான் காட்டுவேன். இரண்டும் தனித்தனிக் கோப்பில் இல்லை.

இன்னொன்று: இவ்வளவு செய்த ஹில் 1962 தேர்தலில் தோல்வியின் விளிம்புவரை போனார். சில வாரங்களுக்கு முன்புதான், மிசிசிப்பிப் பல்கலைக்கழகத்தில் ஒரு கறுப்பின மாணவரைச் சேர்க்க கென்னடி படையை அனுப்பியிருந்தார். ஹில்லும் கென்னடியும் ஒரே கட்சி. மருத்துவமனைகளை மறந்துவிட்டு அதற்காகக் கோபப்பட்டவர்கள் அலபாமாவில் ஏறத்தாழப் பாதிப் பேர்.

போர்வீரர் நலச் சட்டம் போன்றவை நிறம் பார்க்கவில்லையே?

எழுத்தில் பார்க்கவில்லை. ஆனால் 1944இன் அந்தச் சட்டத்தை நடைமுறைப்படுத்தும் வேலை பெரும்பாலும் உள்ளூர் அலுவலகங்களிடமும் வங்கிகளிடமும் விடப்பட்டது. 1947இல் மிசிசிப்பியின் பதின்மூன்று நகரங்களில் அரசு உத்தரவாதத்தோடு போர்வீரர்களுக்குத் தரப்பட்ட 3,229 கடன்களில் கறுப்பினத்தவருக்குக் கிடைத்தவை இரண்டு.

ஃபுல்பிரைட் உதவித்தொகை நம்மவர்களும் வாங்குகிறார்களே. அந்த ஃபுல்பிரைட்டா?

அவரேதான். அர்க்கன்சாஸ் செனட்டர் வில்லியம் ஃபுல்பிரைட். 1946இல் அவர் தொடங்கிவைத்த கல்விப் பரிமாற்றத்தில் 1950இலிருந்து இந்தியாவும் இருக்கிறது. தமிழகத்திலிருந்தும் எத்தனையோ ஆசிரியர்களும் ஆய்வாளர்களும் போய்வந்திருக்கிறார்கள். வியட்நாம் போரை செனட் குழுவில் உட்காரவைத்துக் குறுக்கு விசாரணை செய்தவர். அவரேதான் 1956இல், பள்ளிகளில் இன ஒதுக்கல் கூடாது என்ற தீர்ப்பை எதிர்த்துத் தென் மாநில உறுப்பினர்கள் சுமார் நூறு பேர் வெளியிட்ட அறிக்கையிலும் கையெழுத்துப் போட்டார். 1964 சட்டத்தையும் 1965 வாக்குரிமைச் சட்டத்தையும் எதிர்த்தார்.

அர்க்கன்சாஸ் வாக்காளர்களுக்கு இதில் முரண்பாடு எதுவும் தெரியவில்லை. முப்பது ஆண்டு செனட்டில் வைத்திருந்தார்கள். கென்னடியால்தான் பிரித்துப் பார்க்க முடியவில்லை. 1960 இறுதியில் வெளியுறவு அமைச்சர் பதவிக்கு ஃபுல்பிரைட் பெயர் முன்னால் நின்றது. அவர் விடப்பட்டதற்கு இன ஒதுக்கல் வரலாறு ஒரு முக்கியக் காரணம். உதவித்தொகை வாங்கியவர்கள் வெட்கப்பட வேண்டுமா என்று சிலர் கேட்கிறார்கள். வேண்டாம். அவர்கள் அவருக்கு ஓட்டுப் போடவில்லை.

அந்தக் காலத்துத் தெற்கில் வேறு வழி இல்லையே? எதிர்த்தால் தோற்றிருப்பார்களே?

சிலர் தோற்றார்கள். வட கரோலினாவின் ஃபிராங்க் போர்ட்டர் கிரகாம் அப்படி ஒருவர். பல்கலைக்கழகத் தலைவராக இருந்து செனட்டரானவர். பிற்பாடு காஷ்மீர்ப் பிரச்சினையில் ஐ.நா. பிரதிநிதியாக டெல்லிக்கும் கராச்சிக்கும் அலைந்தவர் இவரே. 1950இல் ஜனநாயகக் கட்சி வேட்பாளரைத் தேர்ந்தெடுக்கும் உட்தேர்தலின் முதற்சுற்றில் முன்னணியில் வந்தார். பாதியைத் தொடச் சிறிது குறைந்ததால் மறுசுற்று. இடையில் கறுப்பின மாணவர்களுக்குச் சாதகமாக உச்ச நீதிமன்றத் தீர்ப்புகள் வந்தன. "வெள்ளையரே விழித்தெழுங்கள்" என்ற துண்டறிக்கை மாநிலமெங்கும் பறந்தது. கிரகாம் தோற்றார். இதற்கும் அவர் தீவிரமானவர்கூட இல்லை. படிப்படியாகப் போகலாம் என்றவர்.

டென்னசியில் கதை வேறு. எஸ்டஸ் கெஃபாவர், மூத்த ஆல்பர்ட் கோர் இருவரும் 1956 அறிக்கையில் கையெழுத்திட மறுத்தார்கள். 1958இல் கோரும் 1960இல் கெஃபாவரும் மறுபடி வென்றார்கள். "வேறு வழியில்லை" என்பது மிசிசிப்பியில் ஏறத்தாழ உண்மை, டென்னசியில் பொய். எந்த மாநிலம் என்று கேட்காமல் அந்தச் சமாதானத்தை ஏற்கக்கூடாது.

வடக்குத் தொழிலாளர்கள் வாலஸை ஆதரித்தது சம்பளத்துக்காகவா, நிறத்துக்காகவா?

1968 செப்டம்பரில் வாலஸ் கருத்துக்கணிப்புகளில் சுமார் 20% வரை போனார். தொழிற்சங்க உறுப்பினர்களில் அவருக்கு நல்ல கூட்டம். சங்கத் தலைவர்கள் நிறத்தைப் பற்றி உபதேசம் செய்து நேரத்தை வீணாக்கவில்லை. அலபாமாவில் கூலி எவ்வளவு, அங்கே சங்கங்களின் கதி என்ன என்று துண்டறிக்கை அடித்து ஆலை வாசல்களில் கொடுத்தார்கள். துணை வேட்பாளர் கர்ட்டிஸ் லெமே அணுகுண்டைப் பற்றிப் பேசி வாலஸைக் கெடுத்ததும் சேர்ந்துகொண்டது. நவம்பரில் 13.5%. வடக்கில் விலகிப் போனவர்களுக்கு மற்றக் கொள்கைகள் முக்கியமாகத்தான் இருந்திருக்கின்றன. எங்கு போகவில்லை என்றால், அவர் வென்ற ஐந்து தென் மாநிலங்களில்.

ஒதுக்கப்பட்டவர்களே இப்படிப் பிரித்துப் பார்த்து ஓட்டுப் போட்டிருக்கிறார்களா?

இந்தப் பக்கத்தில் அடிக்கடி மறந்துபோகும் கேள்வி இது. வாக்குரிமை இருந்த வடக்கு நகரங்களின் கறுப்பினத்தவர் 1936இல் லிங்கனின் கட்சியான குடியரசுக் கட்சியை விட்டு ரூஸ்வெல்ட் பக்கம் பெருமளவில் வந்தார்கள். அவர் கட்சியிலேயே மிசிசிப்பியின் தியோடர் பில்போ போன்ற வெறியர்கள் இருந்தார்கள். கும்பல் கொலைத் தடுப்பு மசோதாவுக்கு ரூஸ்வெல்ட் துணை நிற்கவில்லை. நின்றால் நாடாளுமன்றக் குழுக்களின் தலைவர்களாக இருந்த தென் மாநிலத்தவர் மற்ற மசோதாக்களை முடக்கிவிடுவார்கள் என்றார். 1935 ஓய்வூதியச் சட்டம் விவசாயக் கூலிகளையும் வீட்டு வேலையாட்களையும் வெளியே விட்டது. காரணம் நிர்வாகச் சிக்கலா, தெற்கின் அழுத்தமா என்று வரலாற்றாசிரியர்கள் இன்னும் வாதிடுகிறார்கள். தென் மாநிலக் கறுப்பினத் தொழிலாளரில் பெரும்பான்மையோர் வெளியே நின்றார்கள் என்பதில் வாதம் இல்லை.

இவ்வளவும் தெரிந்துதான் ஓட்டுப் போட்டார்கள். ஏனென்றால் வேலை வேண்டும், நிவாரணம் வேண்டும், எதிர்த்தரப்பு எதுவும் தரவில்லை. டூபெலோவில் கோல்ட்வாட்டருக்குக் குத்திய வெள்ளையர் செய்ததும் இவர்கள் செய்ததும் ஒன்று என்று யாராவது சொன்னால் நான் ஏற்கமாட்டேன். இவர்கள் தங்கள் மீது விழும் அடியைப் பொறுத்துக்கொண்டு தேர்ந்தெடுத்தார்கள். அவர்கள் தேர்ந்தெடுத்ததன் அடி அடுத்தவர் மீது விழுந்தது.

1982இல் வாலஸுக்குக் கறுப்பினத்தவர் ஓட்டுப் போட்டது எப்படி?

1963இல் "இன்றும், நாளையும், என்றென்றும் இன ஒதுக்கல்" என்று முழங்கி ஆளுநராகப் பதவியேற்ற மனிதர். 1972இல் சுடப்பட்டுச் சக்கர நாற்காலியில் முடங்கியவர். 1970களின் இறுதியில் கறுப்பினத் தேவாலயங்களுக்குப் போய் மன்னிப்புக் கேட்டார். மனம் மாறியதா, கணக்கு மாறியதா? 1965 வாக்குரிமைச் சட்டத்துக்குப் பிறகு கணக்கும் மாறியிருந்தது. தர்மண்டும் அந்தச் சட்டத்துக்குப் பிறகுதான் தம் அலுவலகத்தில் கறுப்பின உதவியாளரை நியமித்தார், மார்ட்டின் லூதர் கிங் விடுமுறை மசோதாவுக்கு ஆதரவாக வாக்களித்தார்.

1982இல் ஆளுநர் பதவிக்கான ஜனநாயகக் கட்சியின் உட்தேர்தலில் கறுப்பினத்தவரில் பெரும்பான்மையோர் வாலஸின் போட்டியாளர் ஜார்ஜ் மெக்மில்லனைத்தான் ஆதரித்தார்கள். கிங்கின் மனைவி கொரெட்டாவின் ஆதரவும் அவருக்கே. ஆனாலும் கணிசமான ஒரு பகுதி வாலஸுக்குப் போனது, அது இல்லாமல் அவர் வென்றிருக்கமாட்டார். பொதுத்தேர்தலில் எதிரே நின்றவர் மாண்ட்கமரி மேயர் எமரி ஃபோல்மர், கறாரான குடியரசுக் கட்சிக்காரர். அப்போது ஏறக்குறைய எல்லோருமே வாலஸ் பக்கம். அவர் முந்தைய ஆட்சிகளில் தந்த இலவசப் பாடநூல்களையும் திறந்த இளநிலைக் கல்லூரிகளையும் சொன்னவர்கள் உண்டு, மன்னித்துவிட்டதாகச் சொன்னவர்கள் உண்டு, ஃபோல்மரைவிடப் பரவாயில்லை என்றவர்களும் உண்டு. பதவிக்கு வந்தபின் அரசுப் பொறுப்புகளில் கறுப்பினத்தவரை நிறையவே நியமித்தார். இந்த முறை பேரம் பேச அவர்கள் கையிலும் ஓட்டு இருந்தது.